ஒற்றைப் பிரதிக்காரர்

முதலில் நாற்காலியைத் துடைக்கிறார். கைக்குட்டையால், இரண்டு தடவை, முதுகுச் சாய்மானம் உட்பட. பிறகு அதில் இசைத்தட்டுப் பெட்டியை உட்கார வைக்கிறார். மனைவி மோரீன் நின்றுகொண்டே இருக்கிறாள். அவளுக்கு இடுப்பில் அறுவைசிகிச்சை ஆகி ஏழு மாதம்தான் ஆகிறது. "அந்தச் சுவரோரம் ஒரு சேர் காலியா இருக்கு பாரு" என்று அவளுக்கு வழிகாட்டிவிட்டு, பெட்டியின் கொக்கிகளை டக் டக்கென்று திறக்கிறார் மால்கம் ஹெஸ்கெத். எதிரில் உட்கார்ந்திருக்கும் நான் கையை நீட்டினால் குலுக்க மாட்டார். "கை ஈரமா?" என்பார். ஐம்பது வருடமாக மனிதர்களுக்கு அவர் வைக்கும் வணக்கம் இதுதான்.

நான் அவருக்குச் சகலை. மோரீனின் அக்காளைக் கட்டியவன். அந்த ஒரு பாவத்துக்காக இந்த மனிதரின் எதிர்நாற்காலி எனக்கு ஆயுள் சாசனமாகிவிட்டது.

வடக்கு இங்கிலாந்தில், பர்ன்லி ரயில்வே கிளப்பில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு வரை நார்தர்ன் சோல் ஆட்டம். ஒரு காலத்தில் விடிய விடிய ஆடினோம். இப்போது முழங்கால்கள் ஒப்புக்கொள்வதில்லை. கால் வழுக்கிச் சுழலத் தரையில் டால்கம் பவுடரைத் தூவிக்கொண்டு, பெல்ஸ் கால்சட்டைக்குள் பழைய இடுப்பைத் தேடிக்கொண்டு, தொண்ணூறு பேர் வருகிறோம். அறுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் பாடி, ஒருவரும் வாங்காமல், கிடங்கில் கிடந்து தூசி தின்ற இசைத்தட்டுகள் எவையோ அவைமேல்தான் எங்கள் ஆலை ஊர்களுக்குப் பைத்தியம். ஊரே கேட்ட பாட்டென்றால் எங்களுக்கு இளக்காரம். எவ்வளவு மோசமாகத் தோற்றதோ அவ்வளவு உசத்தி. நானும் அதற்குத்தான் ஆடினேன். ஆனால் ஆடினேன். மால்கம் ஆடியதே இல்லை. நல்ல கால்கள்தான், இரண்டும் ஒரே நீளம்தான். தரையோரம் நின்று, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து, "இந்தப் பாட்டுக்கு எத்தன பிரதி இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா? மூணு!" என்று காதில் ஓதுவதுதான் அவர் ஆட்டம்.

யாராவது ஆசையாக ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினால் போதும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தட்டின் உள்வட்டத்தில் கீறியிருக்கும் எண்களை முகர்ந்து பார்ப்பதுபோலப் பார்ப்பார். "டூப்ளிகேட்" என்பார். முகத்தில் அப்போதுதான் ஒரு மலர்ச்சி. கிளப் செயலாளர் பாலீனின் கணவர் செத்துப்போன மாதம், அவர் நினைவாக அவருக்குப் பிடித்த தட்டைப் போடச் சொல்லிக் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மால்கம் அதையும் வாங்கிப் பார்த்தார்.

"எழுபத்தேழுல லண்டன்ல அடிச்ச டூப்ளிகேட்ம்மா இது. பாவம், ஏமாந்துட்டார்."

"அவரு இதக் கேட்டுத்தான்யா என்கிட்ட கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டாரு."

"கேட்டிருக்கலாம். நான் ரெக்கார்டப் பத்தித்தான் சொன்னேன்."

வீட்டில் வெயில் விழும் முன்னறை தட்டுகளுக்கு. ஜன்னல் திரைச்சீலை முப்பத்தெட்டு வருடமாகத் திறக்கவில்லை. குளிர்காலத்தில் அந்த அறையில் மட்டும் ஹீட்டர் நாள் முழுக்க எரியும். மோரீன் சமையலறையில் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு சீவுவாள். அவர்கள் மகள் பிறந்தபோது தொட்டிலை மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள், மின்சார மீட்டருக்குப் பக்கத்தில். ஏனென்று நான் கேட்டேன். "கொழந்த வளந்துரும் சகல. ரெக்கார்டு வளைஞ்சா நிமிராது" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் போடும் செருப்பு செய்யும் ஆலையில் முப்பத்தோரு வருடம் அடிப்பாகம் ஒட்டினார். அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பேச்சென்றால் எழுபத்தைந்துதான். "எழுபத்தஞ்சுல..." என்று ஆரம்பித்தார் என்றால் மேசையில் உள்ளவர்கள் சாண்ட்விச் வாங்கப் போய்விடுவார்கள். நான் சகலை, எழுந்திருக்க முடியாது.

எழுபத்தைந்தில் மால்கமுக்கு இருபது வயது. மோரீனும் அவரும் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் அவர் டெட்ராய்ட்டுக்கு விமானச் சீட்டு எடுத்தார். மோரீனுக்குச் சொன்னது, ஏறி உட்கார்ந்த பிறகு, விமான நிலையத் தொலைபேசியிலிருந்து என்பார் பெருமையாக. ஏறி உட்கார்ந்த பிறகு தொலைபேசி எப்படி என்று நான் ஒரு தடவை கேட்டேன். மூடிப்போன ஒரு தட்டுக் கம்பெனியின் கிடங்கில், காவல்காரருக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் கொடுத்து, நான்கு நாள் எலிப்புழுக்கையில் முழங்காலிட்டுத் தேடினாராம். நான்காம் நாள் ஓர் அட்டைப்பெட்டி. பெயரே கேள்விப்படாத ஒரு பெண் பாடியது. காவல்காரரின் சின்ன ரெக்கார்டு பிளேயரில் போட்டுக் கேட்டார்.

"கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு சகல. அப்படியே சுவத்தப் புடிச்சுக்கிட்டேன்."

இதை நான் நம்புகிறேன். அந்தப் பாட்டை நானும் கேட்டிருக்கிறேன். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கதவைத் தட்டுவதுபோலப் பாடுவாள், திறக்கமாட்டார்கள் என்று தெரிந்தே தட்டுவதுபோல. அந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் மால்கமை நானும் கொஞ்சம் மதித்திருப்பேன்.

பெட்டியில் பன்னிரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார். மீதி பதினொன்றையும் கிடங்கின் பின்முற்றத்துக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றாகப் படிக்கட்டு விளிம்பில் வைத்து, குதிகாலால் மிதித்து உடைத்தார்.

"பிஸ்கட் மாதிரி ஒடஞ்சுது. ஒண்ணு இருந்தாத்தான் சகல அது ரெக்கார்டு. பன்னெண்டு இருந்தா சரக்கு."

இதை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குச் சொன்னது, ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது என்று. எங்கள் குடும்பத்துக்கு மட்டும், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், இரண்டாவது விஸ்கிக்குப் பிறகு, குதிகாலைத் தரையில் தட்டி நடித்துக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். நாற்பத்தைந்து கிறிஸ்துமஸ்.

ஊருக்கு வந்ததும் லேபிளின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார். அசல் பெயர் தெரிந்தால் வேறு எவனாவது போய்த் தேடிவிடுவானே. காகிதத்தின்மேல் தானே ஒரு பெயரைக் கற்பனை செய்து எழுதினார்: லோரா வேல். பாட்டுக்கும் ஒரு பொய்ப்பெயர். அப்போதெல்லாம் பாட்டுப் போடுகிறவர்கள் பலரும் இப்படி மறைத்தார்கள், ஒரு வருடம், இரண்டு வருடம். பிறகு விட்டுவிட்டார்கள். மால்கம் ஐம்பது வருடம் விடவில்லை. அசல் பெயரைக் கேட்டுக் கெஞ்சினார்கள், சாராயம் வாங்கிக் கொடுத்தார்கள், ஒருவர் அழுதே விட்டார். கடைசியில் ஊரில் அந்தப் பாட்டுக்கு 'மால்கம் பாட்டு' என்று பெயராயிற்று. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் கழுத்து ஒரு அங்குலம் நீளும்.

போன வருடம் யாரோ மால்கம் பாட்டுக்கு நாங்கள் ஆடியதைக் கைபேசியில் படமெடுத்து உலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் பஸ் பழுதுபார்க்கும் ஒருவரின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். இங்கிலீஷ் கிழவர்கள் எப்படிக் குதிக்கிறார்கள் பார் என்று சிரிக்கத்தான். அந்த அம்மா நான்கு வரி கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, "அது நான்டா" என்றாராம். மகன் கிளப்புக்குக் கடிதம் எழுதினார். அம்மாவின் பெயர் ஒடெஸ்ஸா கிரம்லி.

பாலீன் கடிதத்தைக் கிளப்பில் படித்தாள். மால்கம் எழுந்து நின்றார்.

"பொய். இந்த மாதிரி பத்து பேர் வருவாங்க. அந்தம்மாதான் பாடினாங்கன்னா, ரெக்கார்டோட மறுபக்கத்துல என்ன பாட்டுன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

பத்து நாளில் பதில் வந்தது. மறுபக்கத்திலும் அதே பாட்டுதான், வார்த்தையில்லாமல் வாத்தியம் மட்டும். இன்னொரு பாட்டு பதிவு செய்யக் கம்பெனிக்கு வக்கில்லை என்று எழுதியிருந்தார். மால்கம் அன்றைக்குச் சாண்ட்விச்சைத் தொடவில்லை. ஊறுகாய் வெங்காயத்தை மட்டும் முள்கரண்டியால் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தார்.

பாலீன் குலுக்கல் சீட்டு விற்று, கேக் விற்று, மே மாதத்து ஞாயிறுக்கு அந்த அம்மாவை வரவழைத்துவிட்டாள். "அவங்கள உங்க டேபிள்லதான் உக்கார வைக்கப்போறேன் மால்கம். உங்க பாட்டாச்சே" என்றாள். பெண்கள் எதையும் மறப்பதில்லை.

ஒடெஸ்ஸா அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வெளிர்நீல நிறத்தில் கோட்டும் பாவாடையும், வெள்ளை முடியை அழகாகச் சுருட்டிவிட்ட தலை, ஒரு காலில் முழங்கால் பட்டை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தவர் என்பது அவர் சாப்பாட்டுத் தட்டைத் துடைத்துவிட்டு உணவு எடுத்ததிலேயே தெரிந்தது. பாலீன் அவரை அழைத்துவந்து உட்காரவைத்தாள். ஐம்பது வருடமாகத் தன் சொத்தென்று வைத்திருந்த குரல் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மால்கம் என்ன சொல்வார் என்று பார்த்தேன்.

"கை ஈரமா இருக்கா?"

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஃப்ளைட்லதான் வந்தேன் தம்பி. நீந்தி வரல."

மேசையே சிரித்தது. மோரீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டீ வந்தது. ஒடெஸ்ஸா அம்மா பேசப் பேச எங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அறுபத்தாறில், பதினேழு வயதில், ஒரு மதியம் பாடினாராம். கம்பெனி ஒரே ஒரு பிரதி கொடுத்தது. அதை அவர் தங்கை யாருக்கோ காட்ட எடுத்துப்போனாள், திரும்பி வரவில்லை. கம்பெனியும் மூன்று மாதத்தில் படுத்துவிட்டது.

"அப்புறம் கல்யாணம், புள்ளைங்க, வேல. எழுபத்தஞ்சுல ஒருநாள் யாரோ சொன்னாங்க, அந்தக் கம்பெனி கிடங்கு இன்னும் இருக்குன்னு. என் பையனுக்கு அப்ப ரெண்டு வயசு. இடுப்புல தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போனேன். ஒண்ணாச்சும் கெடைக்காதான்னு."

மால்கம் பெட்டியின் கொக்கிகளை மூடினார்.

"காவக்காரரு நல்ல மனுஷன். 'அடடா, போன வாரம் வந்திருக்கக் கூடாதா'ன்னாரு. யாரோ இங்கிலீஷ்காரப் பையன் வந்தானாம். எல்லாத்தையும் ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டானாம். ஏன் ஒடச்சான்னு அவருக்குப் புரியவேயில்ல. எனக்கும் இன்னிவரைக்கும் புரியல. முத்தத்துல கூட்டி வச்சிருந்த குப்பைய நானே கெளறிப் பாத்தேன்."

கைப்பையைத் திறந்தார். இஸ்திரி போட்ட துணியொன்றைப் பிரித்தார். உள்ளே கறுப்பாக ஒரு சில்லு, உள்ளங்கை அளவு. ஆரஞ்சு நிற லேபிளில் பாதிப் பெயர்: '...ஸ்ஸா கிர'.

"எம் பேருல கொஞ்சம் இருந்துச்சு. எடுத்துட்டு வந்துட்டேன்."

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. என் மனைவி மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மால்கமைப் பார்த்தேன். வாயைத் திறப்பார், இப்போதாவது திறப்பார் என்று நினைத்தேன். திறந்தார்.

"இத... விக்கிற யோசன இருக்காங்கம்மா? நல்ல வெல தருவேன்."

நாற்பத்தைந்து கிறிஸ்துமஸில் கேட்ட எதுவும் என்னை இப்படிக் கூச வைத்ததில்லை. மோரீன் சுவரோர நாற்காலியிலிருந்து எழுந்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள்.

"அந்த இங்கிலீஷ்காரப் பையன் இந்தாளுதான்ம்மா" என்றாள். "பதினொண்ண ஒடச்சாரு. வருஷா வருஷம் எங்களுக்கு நடிச்சுக் காட்டுவாரு. நாங்களும் வெக்கமில்லாம சிரிப்போம்."

"மோரீன்" என்றார் மால்கம்.

"என்ன மோரீன்? என் கல்யாணக் காசுலதான போய் ஒடச்ச?"

பக்கத்து மேசைகள் திரும்பின. பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்துவிட்டார். ஒடெஸ்ஸா அம்மா மால்கமின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் எட்டி அவர் காலணிகளைப் பார்த்தார்.

"ஏன் தம்பி?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான்ம்மா..."

"எனக்கும் ஒண்ணே ஒண்ணு போதுமா இருந்துச்சு" என்றார் அந்த அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு டீயைக் குடித்தார், ஆறிப்போயிருந்தும். பிறகு கேட்டார், "அந்தப் பன்னெண்டாவது இங்க இருக்கா?"

மால்கம் பெட்டியைத் திறந்து எடுத்தார். மேடைக்கு அவரே கொண்டுபோனார். பாலீன் முன்னாலேயே அங்கே நின்றிருந்தாள்.

"அந்தக் காகிதத்த எடுங்க மால்கம்."

"எடுத்தா லேபிள் கிழிஞ்சிரும் பாலீன். அம்பது வருஷப் பசை."

"கிழியட்டும்."

கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். தொண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டு அவிழ்க்கிற டாக்டர்போல அவ்வளவு மெதுவாக. ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு நிறம் காகிதத்தோடு உரிந்து வந்தபோது அவரிடமிருந்து ஒரு முனகல். பாலீன் ஒலிபெருக்கியில் உண்மையான பெயரைப் படித்தாள், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி. ஊசி இறங்கியது.

இரண்டு நிமிடம் இருபது வினாடி. ஆரம்பத்தில் ஒருவரும் ஆடவில்லை, மரியாதைக்காக நின்றோம். ஒடெஸ்ஸா அம்மா உதட்டை அசைத்துக் கூடவே பாடிப் பார்த்தார், வார்த்தை மறந்து ஒரு வரி பின்தங்கி. பிறகு எங்களைப் பார்த்துக் கையை உதறினார். "எதுக்கு நிக்கிறீங்க? ஆடுறதுக்குத்தானே பாடினேன்!" அப்புறம் ஆடினோம். நான் அத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு சுற்றுச் சுற்றி விழப்பார்த்தேன். மால்கம் மட்டும் ரெக்கார்டு சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு மேசைக்கு வந்தார். அந்த அம்மாவின் முன்னால் நின்றார். அடுத்த பாட்டு பாதி ஓடும்வரை நின்றார்.

"எடுத்துக்கோங்கம்மா."

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட அந்த அம்மா சொல்லவில்லை. வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கீறலே இல்ல. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்க தம்பி" என்றார்.

கைதட்டினார்கள். சிலர் மால்கமின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஒருவர் 'பெரிய மனசு' என்றார். நான் தட்டவில்லை. எடுத்த பொருளை உரியவர் கையில் கொடுத்ததற்குக் கைதட்டு வாங்கியவரை நான் அன்றுதான் பார்க்கிறேன். தொண்ணூறு ஜோடிக் கண்கள் இல்லாமல், முன்னறையில், திரைச்சீலைக்குப் பின்னால் கொடுத்திருப்பாரா என்று மோரீனைக் கேட்டேன். அவள் அந்தப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாவது டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு டாக்சி வந்தது. வெளியே எங்கள் ஊர் மழை, சாய்வாக, நிற்காமல். வாசலிலிருந்து டாக்சிவரை இருபது அடி இருக்கும். ஒடெஸ்ஸா அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். மால்கம் பாலீனின் குடையைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பக்கத்தில் போய்க் குடையை விரித்தார். குனிந்து, கையை நீட்டி, டாக்சிக் கதவுவரை அதை அவர் மார்புக்கு நேராகவே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். தட்டின்மேல் ஒரு துளி விழவில்லை. அந்த அம்மாவின் சுருட்டிவிட்ட வெள்ளை முடி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது.